குறட்டை விட்டது நான்தான்

தம்பி,

உறையை ஒட்டாமல்தான் இந்தக் கடிதத்தை அந்தப் பக்கம் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். மதுரையில் உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்கள் எடுத்துப் படித்தால் படிக்கட்டும். உன் மாமா படிக்கட்டும். நீ கட்டிக்கொள்ளப் போகிற கலைவாணி கட்டாயம் படிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா மகனுக்கு எழுதும் கடிதம் என்றால் கோபத்தைக் குறை, மாமனார் வீட்டில் மரியாதையாக நடந்துகொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்று நாலு புத்திமதி இருக்கும். அதை எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. உனக்குப் புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இது எனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. அதனால் இத்தனை வருஷமாக நான் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும், நினைத்தாலே கூசுகிற ஒரு காரியத்தை எழுதிவிடுகிறேன். சினிமா சமாசாரம்தானே என்று சிரித்துவிட்டுப் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நிச்சயதார்த்தம் அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீட்டுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது ஓடுகிற அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வாய் பேச முடியாத தங்கைக்காக அண்ணன் ஊரையே எதிர்த்து நிற்கிறானே, அந்தப் படம். நீ பார்த்திருந்தாய், நானும் பார்த்திருந்தேன், கலைவாணியும் அவளுடைய மதினியோடு போய்ப் பார்த்திருக்கிறாள். காபி டம்ளர்களை எடுக்க வந்த கலைவாணி, யாரும் கேட்காமலே மெதுவாக ஒன்று சொன்னாள். "அந்தப் பிள்ள பத்தாங் கிளாஸ் பாஸ் பண்ணவன்னு மொத சீன்லயே காட்டுதாங்க. பொறவு படம் பூரா அண்ணன் அவளுக்காகப் பேசுதான், வக்கீல் அவளுக்காகப் பேசுதாரு. அவ கையில ஒரு பேப்பரும் பேனாவும் குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலையே." நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "ஒனக்கு என்ன தெரியும், செத்த சும்மா இரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு டம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. உன் அம்மாவின் அண்ணன், உன் மாமா, வெற்றிலையை மென்றுகொண்டே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "படம் எப்படிலே இருக்கு?" என்று கேட்டார். நீ காலை நீட்டிக்கொண்டு, "எல்லாம் சரிதான் மாமா. அந்தப் பிள்ள கையில ஒரு பேப்பரும் பேனாவும் குடுத்திருந்தா அர மணி நேரத்துல படம் முடிஞ்சிருக்கும்" என்றாய். மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஏலே, அப்பன் கண்ணுலே ஒனக்கு! அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்று உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். பந்தல் காலுக்குப் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு கலைவாணி நின்றாள். அவளுக்குக் கேட்டது. அவளை ஒட்டி உன் அம்மா நின்றாள். அவளுக்கும் கேட்டது. உன் அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தாள். உன் மாமா பாராட்டாகத்தான் சொன்னார். சொன்னதும் சரிதான். நீ என்னை உரித்துத்தான் வைத்திருக்கிறாய்.

என் கண்ணைப் பற்றி ராஜபாளையத்தில் இருந்த பேச்சு உனக்குத் தெரியும். காதர் பாய் டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்து ஐந்தாறு வருஷம், வெள்ளிக்கிழமை எந்தப் புதுப் படம் வந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் என் கருத்து அந்தப் பலகையில் ஏறிவிடும். மூன்று வரி, மிஞ்சினால் நான்கு வரி. மில் ஆட்கள் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டுத்தான் தியேட்டருக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று முடிவு பண்ணுவார்கள். பத்திரிகைக்காரர்கள் கதையை எழுதுவார்கள், நடிப்பு அருமை, பாடல்கள் சுமார் என்பார்கள். என் போர்டில் அதெல்லாம் இருக்காது. யாரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் மட்டும் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தவன், படத்தில் அந்த இடம் வந்ததும் தன்னை அறியாமல் "அட, ஆமா" என்று வாய்விட்டுச் சொல்லுவான். தியேட்டர் மேனேஜர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். நீயும் பள்ளிக்கூடத்தில் 'சினிமா போர்டு அண்ணாச்சி மகன்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாய். தம்பி, அந்தப் போர்டில் இருந்த கருத்துகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் உன் அம்மா சொன்னவை. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

அப்போதெல்லாம் எனக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட்தான். விடிந்ததும் தலையெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, பதினோரு மணிக் காட்சிக்கு உன் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சினிமாப் பைத்தியம் எனக்கு உண்டு, அதில் பொய்யில்லை. ஆனால் விடிய விடிய மிஷினோடு நின்ற உடம்புக்கு இருட்டும் மின்விசிறிக் காற்றும் கிடைத்தால் என்ன ஆகும்? டைட்டில் ஓடும்போதே கண் சொக்கும். முதல் பாட்டு முடிவதற்குள் தலை சாய்ந்துவிடும். இடைவேளையில் முறுக்குக்காரன் சத்தத்தில் விழித்து, ஒரு முறுக்கைத் தின்றுவிட்டு மறுபடியும் தூங்குவேன். உன் அம்மா கண் கொட்டாமல் பார்ப்பாள். வெளியே வந்து அவளைக் கேரியரில் உட்கார வைத்து மிதிக்கத் தொடங்கியதும், "என்ன கதை, சொல்லு" என்பேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்து அவள் சொல்லிக்கொண்டே வருவாள். கதையோடு நிறுத்த மாட்டாள். இந்த இடத்தில் இவன் பொய்யாக அழுதான், அந்த இடத்தில் அந்தக் கிழவி ஒன்றுமே பேசாமல் நன்றாக நடித்தாள் என்று வரிசையாக வரும். நேர் வழியில் வந்தால் வீடு பத்து நிமிஷம். நான் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். அப்போதுதான் எல்லாவற்றையும் அவள் சொல்லி முடிக்க நேரம் கிடைக்கும். எதற்கு இந்தச் சுற்று என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பிற்பாடு ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "அவியளுக்கு என்னையச் சைக்கிள்ல வச்சுச் சுத்துறதுன்னா அம்புட்டு ஆசை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது தொடங்கியது ஒரு நாய்ப் படத்தில். நம் ஊர் நாய் என்று சொல்லி ஒரு வெள்ளை நாயைக் காட்டி, அது வில்லனை விரட்டிப் பிடிப்பது போல ஒரு படம் வந்தது. நம் ஊர்ப் பெயர் படத்தில் வருகிறதே என்று ஜனங்கள் விசில் அடித்துக் கொண்டாடினார்கள். நான் அந்த விசிலிலும் தூங்கினேன். கேரியரில் ஏறியதும் உன் அம்மா, "நம்மூரு நாய்க்கு மூக்கு ரோஸ் கலருல்ல இருக்கும்? இதுக்குக் கறுப்பு மூக்கு. எங்கயோ ஒரு வெள்ளை நாயைப் புடிச்சு நம்மூர்ப் பேரை வச்சிருக்காவ" என்றாள். நான் அவளை வீட்டில் இறக்கிவிட்டுக் காதர் பாய் கடைக்குப் போனேன். எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டே, "மூக்கைப் பாத்தியளா? கறுப்பு" என்றேன். கடை முழுக்க ஒரே சிரிப்பு. "என்னா கண்ணு அண்ணாச்சி ஒங்களுக்கு!" என்றார் பாய். மறுவாரமே பழைய கரும்பலகை ஒன்றைத் தேடி எடுத்துக் கழுவி வாசலில் மாட்டிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மில்லில் நம்பரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே நான் வருகிறேன் என்றால் பெஞ்சில் இடம் விட்டார்கள்.

போர்டு மாட்டிய வாரமே இன்னொன்றும் நடந்தது. எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மில் ஆள் ஒருவர், "அண்ணாச்சி, ஒங்க பக்கத்துல இருந்து குறட்டைச் சத்தம் வந்துச்சே, யாரு அது?" என்று கடையில் வைத்துக் கேட்டார். யோசிக்கவே இல்லை. "என் வீட்டுக்காரிதான். டைட்டில் போட்டா அவளுக்குத் தாலாட்டு மாதிரி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். மறுபடியும் ஒரே சிரிப்பு. அடுத்த நாள் குழாயடியில் பெண்கள் உன் அம்மாவிடம், "என்ன மதினி, தியேட்டர் அதிர்ற மாதிரி குறட்டை விட்டியளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "நான் எப்பங்க குறட்டை விட்டேன்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன், விடு. தூங்குனது நான்னு தெரிஞ்சா போர்டை எவன் படிப்பான்?" என்றேன். "சரி, ஒங்க போர்டு நல்லா இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தப் பொய் ஊரில் நிலைத்துவிட்டது. அவளை உட்கார வைத்துக்கொண்டே சொந்தக்காரர்கள் கேலி பண்ணினார்கள். நீயும் பண்ணினாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

அவள் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அவள் எப்படிப்பட்ட ரசிகை என்று நீ தெரிந்துகொள்ள. புருஷனோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவள், ஒரு வருஷம் கழித்துக் கடைசிக் காட்சியில் திரும்பி வந்து அவன் காலில் விழுகிற படம் ஒன்று வந்தது. தியேட்டரே அழுதது என்றார்கள். நம் தெருப் பெண்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்கள். உன் அம்மா கேரியரில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு வருசம் வெளியூர்ல இருந்தவ, கையில ஒரு மஞ்சப்பை கூட இல்லாம வந்து நிக்கா. அவ எங்க இருந்தா, என்ன தின்னா, ஒண்ணும் படம் எடுத்தவியளுக்குத் தெரியாது போல. அவ திரும்பி வந்தாப் போதும் அவியளுக்கு" என்றாள். நான் அதைத்தான் கொஞ்சம் இலக்கணமாக்கிப் போர்டில் எழுதினேன். ஒரு டீச்சரம்மா நின்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அப்படியே பேச்சு பரவி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து வாசகர் வட்டத்துக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் கூட்டத்தில், சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி நான் பேச வேண்டும் என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் உன் அம்மாவின் பிறந்த ஊர். தன் ஊரில், தன் அண்ணன் முன்னால், தன் புருஷன் மைக் பிடித்துப் பேசப் போகிறார் என்று அவளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற அரக்குப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் அரை மணி நேரமும் எனக்குப் பாடம்தான். மூன்று படங்களைப் பற்றி என்ன என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய், உனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும். கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. உன் அம்மா முன் வரிசையில், அவளுக்குப் பக்கத்தில் நீ, பின்னால் உன் மாமா. நான் நன்றாகத்தான் பேசினேன். கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரு இளைஞர் எழுந்து மூன்றாவது படத்தைப் பற்றிக் கேட்டார்: "கடைசியா மகன் ஊரை விட்டுப் போறப்ப அம்மா உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிடுறாங்களே, அது கோபத்துலயா, இல்ல அவன் போறதைப் பாக்க மாட்டாமலா? ஒங்க கருத்து என்ன?"

அந்தப் படத்தில் ஒரு கதவு இருப்பதே எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அவள் அதைச் சொல்வதற்குள் ஊர் வந்துவிட்டது. என்னை அறியாமல் அவளைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கைகொடுக்கத்தான் அவள் எழுந்தாள், தம்பி. பாதி எழுந்து, "கோவமில்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேசி முடித்துவிட்டால் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துபோகும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மைக்கில் வாயை வைத்து, "அவளைப் போயிக் கேக்காதிய. அம்மா கதவைச் சாத்தும்போது இவ கண்ணைச் சாத்திட்டா" என்றேன். ஹால் அதிர்ந்தது. உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நீ கைதட்டிச் சிரித்தாய். அவள் அப்படியே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். அவள் பிறந்த ஊரில், அவளைச் சின்ன வயதில் இருந்து பார்த்தவர்கள் நடுவில், என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவள் மானத்தை வாங்கினேன். இன்றைக்கும் குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழுகிறது. நான் தனியாக "ச்சீ" என்று சொல்லிக்கொள்வதை நீகூட ஒரு தடவை கேட்டு, என்னப்பா என்றாய்.

அந்த வாரமெல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துத் துடைத்துவிட்டுக் கூப்பிட்டேன். அடுப்படியில் இருந்து வெளியே வராமலே, "நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தூக்கம் வருது" என்றாள். அதற்குப் பிறகு இன்று வரை அவள் என்னோடு தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

நான் தனியாகப் போனேன். இரண்டு டீயைக் குடித்துவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அந்தக் கதவுப் படத்தையும் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் கதவைச் சாத்துவது தெரிந்தது. எதற்குச் சாத்துகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. போர்டில், 'படம் நன்று. சண்டைக் காட்சிகள் நன்று. இரண்டாம் பாதி சற்று நீளம்' என்று எழுதினேன். "இதத்தான் போஸ்டர்லயே போட்டிருக்கே அண்ணாச்சி" என்றான் ஒருவன். சினிமா கெட்டுப்போச்சு, இப்போது வருகிற படத்தில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று வாய் கிழியப் பேசினேன். நீயும் அதை நம்பி உன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். காதர் பாய் மட்டும் ஒரு நாள் கடையில் யாரும் இல்லாத நேரத்தில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "மதினி இப்பப் படத்துக்கு வாரதில்லையோ?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பலகையில் அவர் கையெழுத்தில் 'பருத்திப்பால் உண்டு' என்று இருந்தது.

பிறகு வீட்டுக்கு டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் போடும்போது அவள் காய் நறுக்கிக்கொண்டோ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள். படம் முடிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். எப்படி இருந்தது என்று எனக்குக் கேட்க ஆசையாக இருக்கும். கேட்க முகமில்லை. நீ விளம்பர நேரத்தில் திரும்பிப் பார்த்து, "அம்மா தூங்கிட்டாளா பாருங்கப்பா" என்பாய். அவள் தூங்கியிருக்கவே மாட்டாள். நான் சிரித்து வைப்பேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு தடவையாவது "ஏலே, அம்மாவைச் சொல்லாத, தூங்குனது நான்" என்று சொல்லியிருந்தால், அன்று பந்தலில் நீ அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். கல்யாண வேலையாகப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னது பொய். உன் மாமாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு அவளுடையது, குறட்டை என்னுடையது, அன்று ஹாலில் நான் அவளை அவமானப்படுத்தினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. "மாப்ளே, பொண்டாட்டியை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு இந்த வயசுல இப்படிப் பேசுதியளே, ஒங்க மனசு யாருக்கு வரும்?" என்றார். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, "இல்ல அத்தான், சத்தியமா அவதான்" என்றேன். "சரி சரி, அவதான்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னார். நான் சொன்னதை அவர் கடைசி வரை நம்பவே இல்லை. என்னை இன்னும் நல்லவனாக்கி பஸ் ஏற்றி அனுப்பினார். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு காலம் இருக்கிறது போல. நான் அதைத் தவற விட்டுவிட்டேன்.

உனக்கு அந்தக் காலம் போய்விடவில்லை. பத்து நாள்தான் ஆகிறது. நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வேண்டுமென்று தொடங்கவில்லை. ஒருத்தி சொன்னது நன்றாக இருக்கிறது, அது வாயில் வந்துவிடுகிறது, நாலு பேர் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் தெரிகிறது. பிறகு ஒரு நாள் அவள் பேசுவதை நிறுத்திவிடுவாள். வீட்டில் சண்டை இருக்காது, சாப்பாடு நேரத்துக்கு வரும், காய்ச்சல் என்றால் கஷாயம் வரும். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று மட்டும் உனக்குத் தெரியாது. பதினைந்து வருஷமாக நான் அப்படித்தான் இருக்கிறேன். அதனால் கல்யாணத்துக்கு முன்னால், மாமாவும் கலைவாணியும் ஒன்றாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போ. "அன்னைக்கு நான் சொன்னது என் கருத்து இல்ல மாமா, இவ சொன்னது" என்று சொல். மாமா சிரிப்பார், உன்னைக் கேலி பண்ணுவார். பண்ணட்டும். உன் காது சிவக்கும். சிவக்கட்டும். இதை நீ எனக்காகச் செய்ய வேண்டாம், நான் அதற்குத் தகுதியானவன் இல்லை.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, உனக்கு அனுப்புவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முதல் வரியில் இருந்து படித்தாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, ஒரு பக்கத்தைத் திருப்பி மறுபடியும் படித்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டுவிட்டேன். "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் எழுதியிருக்கிய" என்றாள். "ஆனா இதுலயும் நீங்கதான ஹீரோ? தப்பு பண்ணுறதும் நீங்க, அழுறதும் நீங்க, திருந்துறதும் நீங்க. படிக்கிறவிய கடைசில ஒங்களுக்குத்தான் கை தட்டுவாவ."

தாள்களை வாங்கக் கையை நீட்டி, "அப்பக் கிழிச்சிரவா?" என்றேன்.

"எதுக்குக் கிழிக்கணும்? அவன் படிக்கட்டும். இப்ப நான் சொன்னதையும் சேத்து எழுதுங்க" என்றாள். எழுந்து கண்ணாடியைக் கழற்றி வைத்தவள், அடுப்படிக்குப் போகிற வழியில் திரும்பி நின்று, "நான் சொன்னேன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.

அப்பா